வியாழக்கிழமைத் தண்ணீர்

கூழாவடிக்குளத்தில் அரிசி மில் வைத்திருக்கிறவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். என்றாலும் அவர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. சங்கம் என்றால் ஒரு தலைவர் வேண்டும், ஒரு செயலாளர் வேண்டும், இருவருக்கும் இடையில் ஒரு சண்டை வேண்டும், மூன்றும் இருந்தன. தலைவர் அப்புத்துரை. செயலாளர் கமலாசனி.

கமலாசனி புருசன் காலமான பிறகு மில்லைத் தனியாளாக நடத்துகிறவள். யுத்தம் முடிந்து ஊருக்குத் திரும்பியபோது அந்த மில்லில் கூரையும் இல்லை, இயந்திரமும் இல்லை. நெல் ஊறப்போடும் சீமெந்துத் தொட்டிகள் மட்டும் பற்றைக்குள் கிடந்தன. அந்தத் தொட்டிகளைச் சுற்றித்தான் மற்ற எல்லாவற்றையும் புருசனும் அவளும் திரும்ப எழுப்பினார்கள். போன வருசம், மில்களால் தூசியும் மணமும் என்று முறைப்பாடு போய், எல்லா மில்லையும் ஊருக்கு வெளியே காட்டோரம் மாற்றப் போகிறார்கள் என்று ஒரு கதை கிளம்பியது. கமலாசனிக்குச் சோறு இறங்கவில்லை. மிசினைக் கழற்றிக்கொண்டு போகலாம். தொட்டியை எப்படித் தூக்கிக்கொண்டு போவது?

"ஆரோ வந்து எங்களுக்கு விதி எழுத முன்னம், எங்கட விதியை நாங்களே எழுதுவம்," என்றாள் சங்கக் கூட்டத்தில்.

"எழுதும் தங்கச்சி, எழுதும். நெல்லை அரைக்கிறதை விட்டுப்போட்டு எல்லாரும் சட்டத்தரணியாவம்," என்றார் அப்புத்துரை. ஆனால் அவருக்கும் வேறு வழி தெரியவில்லை.

எழுதினார்கள். உமிக் குவியலை வலை போட்டு மூடவேண்டும். பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் லொறி திருப்பக்கூடாது. பரீட்சை நாளில் சத்தமான மிசின் ஓடக்கூடாது. பிறகு தண்ணீர் விசயம் வந்தது.

நெல் அவிக்கிற மில்லைத் தெரிந்தவர்களுக்கு அந்தத் தண்ணீரையும் தெரியும். நெல் ஊறின தண்ணீர் மஞ்சளாய், நுரையாய், புளிச்ச வாடையோடு இருக்கும். முன்பெல்லாம் ஒவ்வொருவரும் நினைத்த நேரம் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து விடுவார்கள். அது வாய்க்காலால் போய் ஓடையில் விழும். ஓடையில் பிள்ளைகள் குளிக்கிற நேரம் பார்த்து ஆராவது திறந்து விட்டால் சண்டை வரும். இனி அப்படி இல்லை என்று விதி சொன்னது. கமலாசனி தன் வளவின் கோடியில் இடம் கொடுத்தாள். எல்லா மில்லின் தண்ணீரும் வந்து நிற்க அங்கே ஒரு பெரிய சீமெந்துக் கிடங்கு கட்டினார்கள். அதற்கு ஓர் இரும்புக் கதவும் பூட்டும் போட்டார்கள். கிழமைக்கு ஒரு தடவை, வியாழக்கிழமை பின்னேரம் மட்டும் கதவைத் திறப்பது.

ஏன் வியாழக்கிழமை? அந்த ஊர் மில்காரர் வெள்ளிக்கிழமையில் அடுப்பு மூட்டமாட்டார்கள். அன்றைக்கு மில்லைக் கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, சாமிப் படத்துக்கு விளக்கு வைப்பார்கள். "வெள்ளிக்கிழமையும் அதுவுமாய் ஊத்தைத் தண்ணி வளவுக்குள்ள நிக்கப்படாது," என்று சொன்னவள் கமலாசனியேதான். எல்லோரும் தலையாட்டினார்கள். யாருக்குத்தான் அதில் மறுப்பு இருக்கும்?

தை மாதத்தில் இருந்து அப்படியே நடந்தது. பிரதேச சபைக்கு அந்த விதிகளைக் கொண்டுபோனபோது சபைச் செயலாளர் நிரஞ்சன் மகிழ்ந்து போனார். நல்ல மனிதர்; பேசத் தொடங்கினால் நிறுத்தத் தெரியாது, அவ்வளவுதான் குறை.

"அரசியலமைப்பில இருபத்தேழாம் உறுப்புரையை எடுத்துப் பாருங்கோ," என்றார். "ஆட்சியில ஒவ்வொரு மட்டத்திலயும் மக்கள் பங்குபற்றச் சந்தர்ப்பம் குடுக்க வேணும் எண்டு கிடக்கு. ஒரு தொழில் செய்யிற ஆக்கள் தாங்களே கூடி, தங்களுக்கு விதி எழுதி, சபைக்குக் கொண்டு வருகினம் எண்டா அதுவும் மக்கள் பங்குபற்றுதல்தானே? நீங்களும் மக்கள்தானே?"

"பின்னை நாங்கள் மாடே?" என்றார் அப்புத்துரை. மண்டபம் முழுக்கச் சிரித்தது.

சபை அந்த விதிகளைத் துணைவிதியாக ஏற்றுக்கொண்டால் மில்கள் இருந்த இடத்திலேயே இருக்கலாம். அதற்கு முதல் ஆட்சேபணை கேட்டு அறிவித்தல் ஒட்டவேண்டும். சபை வாசலிலும் மில் கேற்றுகளிலும் ஒட்டினார்கள். ஒருவரும் வரவில்லை. இனி அடுத்த அமர்வில் கமலாசனி எழுந்து நின்று, "பொதுமக்களைக் கேட்டோம், மறுப்பில்லை" என்று ஒரு சொல் சொன்னால் காரியம் முடிந்தது.

அந்த நேரத்தில்தான் அரிசி திரும்பி வந்தது.

ஓடையின் கீழ்ப்பக்கம் ஒரு கொலனி. மலையகத்தில் கலவரங்களில் அடிபட்டு, எல்லாவற்றையும் விட்டுவிட்டு வன்னிக்கு வந்த குடும்பங்கள். இப்போது இரண்டு தலைமுறை அங்கேயே பிறந்து வளர்ந்துவிட்டது. மில்களில் வேலை செய்கிறவர்கள் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறார்கள். அவர்களுடைய முத்துமாரி அம்மனுக்குப் பங்குனியில் பொங்கல். மில் திரும்ப ஓடத் தொடங்கிய முதல் வருசம், முதல் அரைத்த சிவப்புப் பச்சை அரிசியைக் கமலாசனி அந்தப் பொங்கலுக்கு அனுப்பினாள். அன்றிலிருந்து பொங்கல் பானைக்கு அவளுடைய அரிசிதான். கல் பொறுக்கி, புதுக் கடகத்தில் போட்டு, வெள்ளைத் துணியால் மூடி அனுப்புவாள்.

இந்த முறை லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் கொண்டுபோன டிரைவர் கிருசாந்தன் கடகத்தோடு திரும்பி வந்தான்.

"வேண்டாமாம் அன்ரி."

"எது வேண்டாமாம்?"

"அரிசிதான். கடையில வாங்கிட்டினமாம்."

"கடைக்கு அரிசி ஆற்ற மில்லில இருந்தடா போகுது?"

"நானும் கேட்டனான். அது கிளிநொச்சி டவுன் கடையாம்."

கமலாசனிக்கு முகம் சுட்டது. களத்தில் நெல்லைக் காலால் கிளறிக்கொண்டு நின்ற வீரம்மாவைப் பார்த்தாள். வீரம்மா கொலனிக்காரி, மில் திறந்த நாளிலிருந்து வேலை செய்கிறவள். அவள் தலையை நிமிர்த்தாமல் நெல்லைக் கிளறினாள். கிளறின இடத்தையே திரும்பவும் கிளறினாள்.

"என்னடி வீரம்மா, உங்கட அம்மனுக்கு என்ர அரிசி செமிக்காதாமோ?"

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்கக்கா. சுப்பம்மாக்காவைத்தான் கேக்கணும்."

கொலனிக் கோயில் காரியங்களைப் பார்க்கிற சுப்பம்மாவைக் கமலாசனிக்கு நன்றாகத் தெரியும். செட்டிகுளம் அகதி முகாமில் ஒரே தறப்பாள் கூடாரத்தின் இரண்டு பக்கமும் இருந்தவர்கள். தண்ணீர் பவுசர் வண்டி வருகிறபோது ஒருத்தி ஓடிப்போய் இரண்டு பேருக்கும் இடம் பிடிப்பாள். அப்போது சுப்பம்மா அவளைக் 'கமலா' என்றுதான் கூப்பிடுவாள். மில் ஓடத் தொடங்கிய பிறகு எப்படியோ அது 'கமலாம்மா' ஆகிவிட்டது. அந்தச் சுப்பம்மாவா அரிசியைத் திருப்பினாள்? சண்டை பிடிப்பதென்றால் ஆளோடு ஆளாக நின்று பிடிக்கவேண்டும் என்று, வெள்ளிக்கிழமை காலை பிள்ளையார் கோயிலுக்குப் போகாமல் ஸ்கூட்டியைக் கொலனிப் பக்கம் திருப்பினாள்.

அத்தனை வருசத்தில் அவள் கொலனிக்கு வெள்ளிக்கிழமை போனதில்லை. அன்றைக்கு அவளுக்கு அவளுடைய கோயில், அவளுடைய விளக்கு.

வழியில் தப்பு மேளச் சத்தம் கேட்டது. மஞ்சள் சேலையில் பெண்கள் குடங்களோடு எதிரே வந்தார்கள். கரகம் எடுக்கிற பூசாரி முன்னால் நடந்தார். ஸ்கூட்டியை நிறுத்திச் செருப்பைக் கழற்றிக் கும்பிட்ட பிறகுதான் கமலாசனிக்கு உறைத்தது. கரகத்தில் நீர் நிறைத்துச் சோடித்துப் பாலிப்பது வழக்கமாய் ஓடைக் கரையில். ஓடை கொலனிக்குப் பின்னால். இவர்கள் ஏன் வெயிலுக்குள் தார் ரோட்டால் பெரிய குளத்துப் பக்கம் போகிறார்கள்? கூட்டத்துக்குள் வீரம்மாவும் போனாள். கமலாசனியைக் கண்டு குடத்தை மற்ற இடுப்புக்கு மாற்றி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கோயிலில் சுப்பம்மா மட்டும் இருந்தாள். கால் சுளுக்கி வீங்கி, பச்சிலைக் கட்டோடு ஒரு பிளாஸ்ரிக் கதிரையில்.

"வாங்க கமலாம்மா. உக்காருங்க."

"இருக்க வரேல்லை. அரிசியை ஏன் திருப்பினனீ?"

"உக்காந்து கேளுங்க. நின்னு கேட்டாலும் அதே பதில்தான். கால்தான் வலிக்கும்."

கமலாசனி உட்காரவில்லை. உட்கார முடியவில்லை. காற்று ஓடைப் பக்கமிருந்து திரும்பியது. பழைய கள்ளு முட்டியைத் திறந்த மாதிரி, செத்த எலி கிடக்கிற மாதிரி ஒரு நாற்றம். சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினாள்.

"என்ன இது? மாடு கீடு செத்துக் கிடக்கே?"

சுப்பம்மா அவளைப் பார்த்தாள். கேலியா, இரக்கமா என்று சொல்ல முடியாத பார்வை.

"உங்களுக்குத் தெரியலையா? உங்க மில்லுத் தண்ணிங்க. நேத்துப் பொழுதுபடத் திறந்தது, விடிய இங்க வந்து சேரும். போயிப் பாருங்க."

போய்ப் பார்த்தாள். பங்குனி வெயிலில் ஓடையில் கணுக்காலளவு தண்ணீர் கூட இல்லை. அந்தக் கொஞ்சத் தண்ணீரையும் மூடிக்கொண்டு மஞ்சள் நுரை படை படையாய் நின்றது. துணி துவைக்கிற கல்லைச் சுற்றியும் நுரை. கரையில் கரகத்துக்காகப் போன வருசம் நட்ட வேப்பங்கன்று மட்டும் பச்சையாய் நின்றது.

கமலாசனி அந்த மணத்தை முப்பது வருசமாக அறிந்தவள்தான். ஆனால் இது ஒரு நாள் தண்ணீரின் மணம் அல்ல. ஒரு கிழமை முழுக்க, எல்லா மில்லின் தண்ணீரும் அவளுடைய வளவுக் கிடங்கில் தேங்கிப் புளித்து, ஒரேயடியாய் இறங்கி வந்திருக்கிறது. முன்பு கொஞ்சம் கொஞ்சமாய் வந்ததை விதி போட்டுச் சேர்த்துக் கட்டி அனுப்பியது அவள்தான். அதுவும் எப்போது? இங்கே வீட்டுக்கு வீடு தலை முழுகி, வாசல் தெளித்து, அம்மனுக்குக் குடம் எடுக்கிற வெள்ளிக்கிழமை விடிய. தன் வெள்ளிக்கிழமை சுத்தமாக இருக்கவேண்டும் என்று நினைத்தவள், இங்கேயும் வெள்ளிக்கிழமை இருக்கும் என்று நினைக்கவில்லை.

திரும்பி வந்து கதிரை ஒன்றை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"ஆட்சேபணை கேட்டு ஒட்டினனாங்கள் எல்லே சுப்பம்மா? ஏன் ஒருத்தரும் வரேல்லை?"

"எங்க ஒட்டினீங்க?"

"சபையில. பிறகு மில் கேற்றில."

"மில்லு கேட்டுல." சுப்பம்மா மெல்லச் சிரித்தாள். "மில்லுல கூலி வாங்குற புள்ளைங்க, மில்லு கேட்டுல நின்னு, மில்லைப் பத்திப் புகார் எழுதணும். நல்லா இருக்குங்க உங்க சட்டம்."

கமலாசனி மூக்கில் பிடித்திருந்த சேலைத் தலைப்பை இறக்கினாள்.

"விதி கெட்ட விதின்னு நான் சொல்லல. உமியை மூடினீங்க, புள்ளைங்களுக்கு இருமல் கொறைஞ்சிச்சு. அதை ஊரெல்லாம் சொல்றோம். ஆனா தண்ணி எங்க வழியா போகுதோ அங்க ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? அரிசியைத் திருப்பினது கோவத்துல இல்ல. அந்தத் தண்ணியில ஊறின கையால வந்த அரிசியை அம்மனுக்கு எப்படி வைக்கிறதுன்னு சனம் கேட்டுச்சு. என்னால பதில் சொல்ல முடியல."

சண்டை பிடிக்க வந்தவள் சண்டை பிடிக்காமலே போனாள்.

அப்புத்துரையிடம் சொன்னபோது அவர் பாக்குவெட்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"தங்கச்சி, அடுத்த அமர்வில ஒரு சொல்லு. ஒரே ஒரு சொல்லு. சொல்லிப்போட்டு இருந்தீர் எண்டா எல்லா மில்லும் தப்பும். பிறகு தண்ணியைப் பாப்பம்."

"கேக்காத ஆக்களைக் கேட்டனாங்கள் எண்டு எப்பிடி அண்ணை சொல்லுறது?"

"நிரஞ்சன் ஐயாவே சொன்னவர், நாங்களும் மக்கள்தான் எண்டு!"

"ஓம், மக்கள்தான். நாங்கள் மட்டும்தான் மக்கள் எண்டு அவர் சொல்லேல்லையே."

"நீர் மில்லைக் காட்டுக்குள்ள கொண்டுபோய் யானைக்குத்தான் அரைச்சுக் குடுக்கப் போறீர்."

அவர் சொன்னதில் பாதி பகிடி, பாதி பயம். பயம் அவளுக்கும் இருந்தது. ஆனால் அவர்கள் எழுதின விதிகளில் கடைசியாக ஒன்று இருந்தது: சங்கக் கூட்டம் கூடுகிற இடத்தையும் நாளையும் செயலாளர் தீர்மானிப்பார். யார் வீட்டுத் தேத்தண்ணி என்ற சண்டையைத் தவிர்க்க அப்புத்துரையே சேர்த்த விதி அது. கமலாசனி எல்லோருக்கும் போன் எடுத்தாள். வருகிற வெள்ளிக்கிழமை காலை, கொலனி ஓடைக் கரையில். நிரஞ்சனுக்கும் சொன்னாள்.

வந்தார்கள். தோய்ந்து, திருநீறு பூசி, வெள்ளை வேட்டியோடு அப்புத்துரை வந்தார். ஓடைக்குக் கிட்ட வர வர அவருடைய நடை குறைந்தது. சால்வையை மூக்கில் வைத்தார், எடுத்தார், திரும்ப வைத்தார். கொலனிச் சனமும் வந்து கரையின் மற்றப் பக்கம் நின்றது. வீரம்மா பின்னால், ஒரு பூவரசோடு ஒட்டிக்கொண்டு நின்றாள்.

சுப்பம்மா எல்லோருக்கும் பிளேன்ரீ கொடுக்கச் சொன்னாள். அப்புத்துரை கோப்பையை வாங்கி, ஓடையைப் பார்த்தார், கோப்பையைப் பார்த்தார்.

"பயப்படாமக் குடிங்க ஐயா. இது பவுசர் தண்ணி. கொலனியில ஓடைத் தண்ணியைத் தொட்டு ரெண்டு மாசமாச்சு."

அவர் ஒரு மிடறு குடித்தார். பிறகு, யாரும் கேட்காமலே, "இது சரியில்லைத்தான்," என்றார்.

நிரஞ்சன் கைக்குட்டையை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். அன்றைக்கு அவர் அதிகம் பேசவில்லை. "கமலாசனி அக்கா, அடுத்த அமர்வில உங்களை எழுப்பிக் கேக்க வேண்டி வரும். பொதுமக்களைக் கேட்டனீங்களோ?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவளுக்கு அந்த நேரம் பற்றைக்குள் கிடந்த தொட்டிகள்தான் கண்ணுக்குள் வந்தன.

"இல்லை," என்றாள். "இப்பதான் கேக்கத் தொடங்கியிருக்கிறம். அப்பிடித்தான் சொல்லுவன்."

"அப்ப துணைவிதி பிந்தும். தற்காலிக அனுமதிதான் கிடைக்கும். உங்களை இந்த இடத்திலயே வைச்சிருப்பம் எண்டு என்னால வாக்குக் குடுக்க ஏலாது."

"தெரியும்."

பிறகு கரையின் இரண்டு பக்கமும் கதைத்தார்கள். கதை நேர் கோட்டில் போகவில்லை. கத்தல் இருந்தது, பழைய கோபங்கள் இருந்தன, யாருடையதோ மாடு மேய்ந்த வழக்குக் கூட இடையில் வந்தது. வடிகட்டி போடலாமா என்று ஒருவர் கேட்டார். போடலாம், ஆனால் உடனே வராது. கொஞ்சம் கொஞ்சமாய்த் திறப்பது என்று முடிந்தது. எந்த நாள் என்பதில்தான் இழுபட்டது.

"நாளை நீங்க சொல்லாதீங்க," என்றாள் சுப்பம்மா. "எங்களுக்கு ஒரு கிழமை செத்த வீடு இருக்கும், ஒரு கிழமை சடங்கு இருக்கும். கதவுச் சாவி எங்ககிட்ட இருக்கட்டும். வந்து கேளுங்க. தோதான நேரம் தர்றோம்."

"என்ர மில் தண்ணியைத் திறக்க நான் உன்னட்டைத் திறப்பு கேக்க வேணுமோ?" என்று பாய்ந்தார் அப்புத்துரை.

"ஏங்க, என் ஓடையில விடத்தானே கேக்குறீங்க?"

கிடங்கு கமலாசனியின் வளவில். திறப்பு அவளுடைய சாவிக் கொத்தில். அவள் அதைக் கழற்றினாள். துருப்பிடித்த வளையம் இலகுவில் விடவில்லை, நகம் நொந்தது. ஓடையைச் சுற்றிப் போய்ச் சுப்பம்மாவின் கையில் கொடுத்தாள். அப்புத்துரை வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்த அமர்வில் அவள் சொன்னபடியே சொன்னாள். நிரஞ்சன் சொன்னபடியே விதி பிந்தியது. கொலனியையும் கேட்டு எழுதிக்கொண்டு வரச்சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். மில்களுக்கு அடுத்த போகம் வரைக்கும் தற்காலிக அனுமதி. அதற்குப் பிறகு என்னவென்று ஒருவருக்கும் தெரியாது. அப்புத்துரை சில நாள் அவளோடு கதைக்கவில்லை; பிறகு கதைக்காமல் இருக்க அவராலும் முடியவில்லை.

கிழமைகள் ஒழுங்காய்ப் போயின. கேட்டார்கள், திறந்தார்கள். பிறகு ஒரு வியாழக்கிழமை கமலாசனி திறப்புக்குப் போனபோது சுப்பம்மா மறுத்துத் தலையாட்டினாள்.

"இன்னைக்கு வேணாங்க. நாளைக்கு மூணு வீட்டுல வயசுக்கு வந்த புள்ளைங்களுக்குத் தண்ணி ஊத்துறோம். சடங்கு. இந்தக் கிழமை நெல்லு அவிக்கலையே நீங்க, கெடங்கு நெறைஞ்சிருக்காதேன்னு நெனைச்சேன்."

மற்ற மில்களின் தண்ணீரால் கிடங்கு நிறைந்துதான் இருந்தது. கமலாசனி அதைச் சொல்லவில்லை. "சரி, இருக்கட்டும்," என்று வெறுங்கையோடு திரும்பினாள்.

வெள்ளிக்கிழமை காலை மில்லைக் கழுவினாள். மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். எவ்வளவு தெளித்தும் வளவுக் கோடியில் இருந்து அந்த வாடை கூரைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. திரியை இழுத்து விளக்கேற்றினாள். புருசனின் படத்துக்கு முன்னால் கண்ணை மூடினாள்; மூக்கு மூடவில்லை. பழுதில்லை, ஒரு வெள்ளிக்கிழமை எனக்கும் இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டாள். அப்படி நினைத்ததற்கு அவர் படத்துக்குள்ளிருந்து சிரிக்கிற மாதிரியும் இருந்தது.

கேற்று கிறீச்சிட்டது. வீரம்மா. வெள்ளிக்கிழமை வேலை இல்லாத நாள். மஞ்சள் பூசின முகம். அவிழ்த்து விட்ட தலைமயிரில் இருந்து சட்டை முதுகு நனைய நீர் சொட்டிக்கொண்டிருந்தது. கையில் பேப்பரில் மடித்த ஒரு சரை.

"சுப்பம்மாக்கா குடுத்து விட்டாங்க. சாம்பிராணி. 'கமலா மூக்கைப் பொத்திக்கிட்டு சாமி கும்பிடப் போகுது, ஓடிப் போய்க் குடு'ன்னாங்க."

கமலாசனி சரையை வாங்கினாள்.

"எங்கை முழுகினனீ?"

"ஓடையிலதாங்கக்கா. எல்லாரும் அங்கதான் முழுகினோம். எறங்க இடம் கெடைக்கல, அவ்வளவு கூட்டம்."

"ஈரத் தலையோட நிக்காதை. தடிமன் பிடிக்கப் போகுது. உதிலை துவாய் கிடக்கு, எடுத்துத் துடை."

சிரட்டைத் தணலில் சாம்பிராணியைத் தூவினாள். புகை எழும்பிக் கூரைக்குள் பரவியது. நாற்றம் போகவில்லை, சாம்பிராணியும் அதுவும் சேர்ந்து மணத்தன. வீரம்மா தலையைத் துவட்டிக்கொண்டே மூக்கைச் சுளித்தாள். பிறகு இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"போறபோது சுப்பம்மாட்டைக் கேள், நாளைக்கு எண்டாலும் திறக்கலாமோ எண்டு."

"நான் கேக்கக்கூடாதாம்," என்றாள் வீரம்மா. "நீங்களே வரணுமாம். சடங்குப் பலகாரம் எடுத்து வெச்சிருக்காங்க."